டேவிட் லீனின் பாலமும் காணாமற்போன தமிழரும்

டேவிட் லீன் என்ற பிரித்தானிய நெறியாளரைப் பற்றித் தமிழில் எழுதுகின்ற எவரும் இரண்டு சொற்களைத் தவறவிடுவதில்லை. ஒன்று மேதை, மற்றையது கிதுல்கல. இலங்கையராகிய எங்களுக்கு இரண்டாவது சொல்லில் ஒரு தனிப் பெருமை. 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' எங்கள் களனி கங்கையில் எடுக்கப்பட்டது, கல்கிசை ஹோட்டல் அதில் வைத்தியசாலையாக வருகிறது, பேராதனைப் பூங்கா அதில் இராணுவத் தலைமையகமாக வருகிறது என்று சொல்லி மகிழ்கிறோம். ஹற்றன் வீதியில் பயணம் செய்யும் உல்லாசப் பயணிகளுக்கு, பாலம் நின்ற இடத்தின் கொங்கிரீட் அடித்தளங்களை இன்றும் காட்டுகிறோம். 2008 ஆம் ஆண்டு லீனின் நூற்றாண்டு வந்தபோது நான் வாசித்த தமிழ்க் கட்டுரைகள் அனைத்தும் இந்தத் தொனியிலேயே அமைந்திருந்தன. அந்தப் பாலத்தைக் கட்டிச் செத்தவர்களுள் எங்கள் இனத்தவர் எத்தனை ஆயிரம் பேர் என்ற கேள்வியை அவற்றுள் ஒன்றேனும் எழுப்பவில்லை.

அந்தக் கேள்வியை இங்கே எழுப்ப விரும்புகிறேன். முதலில் அந்த மனிதருக்குரிய மரியாதையைச் செலுத்திவிட வேண்டும். ஏனெனில் திறமையற்ற ஒருவரின் படத்தோடு வழக்காடுவது வீண் வேலை.

லீன் 1908 மார்ச் 25 ஆம் திகதி இலண்டனுக்குத் தெற்கேயுள்ள குரொய்டனில் குவேக்கர் சமயக் குடும்பமொன்றிற் பிறந்தார். படம் பார்ப்பதே பாவம் என்று கருதிய வீடு அது. அந்த வீட்டிலிருந்து வெளியேறி, 1927 இல் கோமொண்ட் படப்பிடிப்பு நிலையத்தில் தேநீர் கொண்டுவந்து கொடுக்கும் பையனாகச் சேர்ந்தார். படத்தொகுப்பாளராக உயர்ந்து, 1930களின் இறுதியில் பிரித்தானியாவின் முதன்மைத் தொகுப்பாளர்களுள் ஒருவரானார். 1942 இல் நோயல் கவார்டுடன் இணைந்து 'இன் விச் வீ சேர்வ்' படத்தை நெறியாள்கை செய்தார். போர் முடியும் தறுவாயில், கார்ன்போத் என்ற சிறிய புகையிரத நிலையத்தில், திருமணமான ஒரு பெண்ணும் ஒரு வைத்தியரும் சந்தித்துப் பிரிகின்ற எளிய கதையைப் படமாக்கினார். அதுதான் 1945 இல் வெளிவந்த 'பிரீப் என்கவுன்டர்'. பின்னர் டிக்கன்ஸின் இரு நாவல்களைத் திரைக்குக் கொண்டுவந்தார். 1957 இல் குவாய்ப் பாலம், 1962 இல் 'லோரன்ஸ் ஒப் அரேபியா', 1965 இல் 'டொக்டர் ஷிவாகோ'. முதலிரண்டு படங்களும் தலா ஏழு ஒஸ்கார் விருதுகளையும் மூன்றாவது ஐந்து விருதுகளையும் பெற்றன. சிறந்த நெறியாளருக்கான ஒஸ்கார் அவருக்கு இருமுறை கிடைத்தது. பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் 1999 இல் வெளியிட்ட நூறு படங்களின் பட்டியலில் முதல் ஐந்து இடங்களுள் மூன்று லீனுக்குரியவை.

1970 இல் வெளிவந்த 'றையன்ஸ் டோட்டர்' படத்தை விமர்சகர்கள் கிழித்தெறிந்தபோது மனமுடைந்த அவர், அடுத்த படத்தை வெளியிடப் பதினான்கு ஆண்டுகள் எடுத்தார். 1984 இல் 'எ பசேஜ் டு இந்தியா' வந்தது. அதே ஆண்டில் 'சேர்' பட்டமும் கிடைத்தது. கொன்ராட்டின் 'நொஸ்ட்ரோமோ' நாவலைப் படமாக்கும் முயற்சியில் இருக்கையிலேயே 1991 ஏப்ரல் 16 இல் காலமானார். ஒரு காட்சியை எங்கே வெட்ட வேண்டும் என்பதை அவரளவுக்கு அறிந்தவர்கள் மிகச் சிலரே. இதில் எனக்கு ஐயமில்லை.

இனி வழக்குக்கு வருவோம்.

ஜப்பானிய இராணுவம் தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை சுமார் 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதையை 1942 இன் நடுப்பகுதியில் அமைக்கத் தொடங்கி, 1943 ஒக்டோபரில் முடித்தது. அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலைவாங்கப்பட்டனர். அவர்களுள் சுமார் 12,500 பேர் இறந்தனர். அதாவது ஐவரில் ஒருவர். இது கொடுமை. இதை எவரும் சிறுமைப்படுத்த முடியாது.

ஆனால் அந்தப் பாதையில் வேலைசெய்தவர்களுள் பெரும்பான்மையோர் போர்க்கைதிகள் அல்லர். பர்மியர், மலாயாவின் தமிழர், மலாயர், சீனர், ஜாவாவைச் சேர்ந்தோர் என இரண்டு இலட்சத்தை எட்டிய ஆசியத் தொழிலாளர் அங்கே இருந்தனர். அவர்களுள் இறந்தோர் தொகை 80,000 முதல் 100,000 வரை என வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மிகப்பெரும் பகுதியினர் இறப்பர்த் தோட்டத் தமிழர். நாளொன்றுக்கு ஒரு டொலர் சம்பளம், மூன்று மாத ஒப்பந்தம் என்று ஆசைகாட்டினர். ஆள் போதாதபோது தெருவிலும் கள்ளுக்கடையிலும் பிடித்தனர். இலவசமாகப் படம் காட்டுவதாக அழைத்து, கொட்டகைக் கதவுகளை மூடி, உள்ளிருந்தோரைப் புகையிரதத்தில் ஏற்றிய சம்பவங்களும் பதிவாகியுள்ளன. சினிமாவைப் பற்றி எழுதுகின்ற எவரும் இந்தத் தகவலை இரண்டாம் முறை வாசிக்க வேண்டும்.

அவர்கள் ஏன் அதிகமாகச் செத்தனர்? கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தனர், கட்டுப்பாடு இருந்தது, தங்கள் படையணியின் வைத்தியர்கள் இருந்தனர். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லவும், மலக்குழியை எங்கே தோண்டுவது என்று தீர்மானிக்கவும் ஆட்கள் இருந்தனர். இறந்தவரின் பெயரை எழுதி மறைத்துவைக்க ஒருவர் இருந்தார். தோட்டத் தமிழனுக்கு இவற்றுள் எதுவுமில்லை. 1943 இன் மழைக்காலத்தில் கொலரா பரவியபோது கூலி முகாம்கள் அப்படியே அழிந்தன. பிணங்களைக் குவியலாகப் புதைத்தனர், எரித்தனர், சில இடங்களில் காட்டிலேயே விட்டனர். இன்று காஞ்சனபுரிப் போர் மயானத்தில் சுமார் 7,000 கல்லறைகள் வெட்டிச் சீராக்கிய புற்றரையில் வரிசையாக நிற்கின்றன. தோட்டத்திலிருந்து போன தமிழனுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

இப்போது லீனின் படத்தைப் பாருங்கள். இரண்டே முக்கால் மணித்தியாலம் ஓடுகின்ற படம். பிரித்தானியக் கைதிகள் இருக்கிறார்கள். ஜப்பானியர் இருக்கிறார்கள். தப்பியோடுகின்ற அமெரிக்கர் ஒருவர் இருக்கிறார். சுமைதூக்க வரும் சியாமியப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களும் படைவீரர்களின் பார்வைக்கு இன்பம் தரவே வருகிறார்கள். அந்தப் பாதையின் பெரும்பாலான மண்ணை வெட்டிய ஆசியத் தொழிலாளி எங்கே? ஒரு காட்சியில், ஒரு வசனத்தில், தூரத்தில் நடந்துபோகும் ஓர் உருவமாகவேனும் இருக்கிறானா? இல்லை.

இதைவிடக் கசப்பானது படத்தின் மையச் சிக்கல். கேணல் நிக்கல்சன் எதற்காகச் சித்திரவதையை ஏற்கிறார்? அதிகாரிகள் கையால் வேலைசெய்யக் கூடாது என்ற ஜெனீவா விதிக்காக. படத்தின் முதற்பாதி முழுவதும் அந்தக் கௌரவப் போராட்டமே. அலெக் கின்னஸின் நடிப்பில் நாமும் மனமுருகுகிறோம். கையால் வேலைசெய்வதே பிறவிக் கடனாக விதிக்கப்பட்ட ஒரு கூட்டம், எந்த ஜெனீவா விதியின் பாதுகாப்பும் இல்லாமல், அடுத்த முகாமில் மடிந்துகொண்டிருந்தது என்பதை அந்தப் படம் நமக்குச் சொல்லியிருந்தால், நிக்கல்சனின் கௌரவம் எப்படித் தோன்றியிருக்கும்? அந்தக் கேள்வி எழாதபடி பார்த்துக்கொண்டதில்தான் படத்தின் வெற்றி தங்கியிருக்கிறது.

இதற்கு வழமையாகச் சொல்லப்படும் சமாதானங்கள் மூன்று. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: இது புனைகதை, வரலாற்று நூல் அல்ல. நல்லது. ஆனால் அந்தப் புனைகதை உலக வரைபடத்தையே மாற்றிவிட்டது. உண்மையான பாலம் குவாய் ஆற்றின் மேல் இருக்கவில்லை. மே குலோங் ஆற்றின் மேல் இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டுக் குவாயைத் தேடிப் பயணிகள் வரத் தொடங்கியதால், 1960களில் தாய்லாந்து அந்த ஆற்றுப் பகுதியின் பெயரையே குவே யாய் என்று மாற்றியது. படத்தில் பாலம் மரத்தால் ஆனது. கொமாண்டோக்கள் வெடிவைத்துத் தகர்க்கிறார்கள். உண்மையில் அங்கே ஜாவாவிலிருந்து கொண்டுவந்த உருக்குப் பாலம் நின்றது. 1945 இல் நேசநாட்டு விமானங்கள் அதைக் குண்டுவீசிச் சேதப்படுத்தின. பின்னர் அது திருத்தப்பட்டது. ஓர் ஆற்றின் பெயரை மாற்றும் வலிமை கொண்ட ஒரு கலைப்படைப்பு, தன் வசதிக்காக மட்டும் 'நான் வெறுங்கதை' என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது.

இரண்டாவது: லீனுக்கோ மூலநாவலாசிரியருக்கோ இது தெரிந்திருக்காது. இது நகைப்புக்கிடமானது. நாவலை 1952 இல் எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல், 1936 முதல் மலாயாவின் இறப்பர்த் தோட்டத்தில் தொழில்நுட்பவியலாளராகப் பணிபுரிந்தவர். தன் கண்முன் பால்வெட்டிய தமிழனை அவர் அறியாதவர் அல்லர். போருக்குப் பின் சிங்கப்பூரில் பிரித்தானியர் நடத்திய போர்க்குற்ற விசாரணைகளில் அந்தப் புகையிரதப் பாதை விரிவாகப் பேசப்பட்டது. திரும்பிவந்த கைதிகள் எழுதிய நினைவுக்குறிப்புகளில், தங்கள் முகாமுக்கு அருகில் கூலிகள் செத்துக்கிடந்த கோலம் வருகிறது. தெரியாமல் விடுபட்டது என்பதைவிட, கதைக்குத் தேவையில்லை என்று விடப்பட்டது என்பதே பொருந்தும்.

மூன்றாவது: அந்தக் காலம் அப்படி, இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது. இதற்கு லீனின் வாழ்க்கையிலிருந்தே விடைதருகிறேன். 1948 இல் அவர் எடுத்த 'ஒலிவர் ட்விஸ்ட்' படத்தில், பேகின் என்ற யூதப் பாத்திரத்துக்கு அலெக் கின்னஸ் மிகைப்படுத்திய செயற்கை மூக்குடன் தோன்றினார். 1949 இல் பேர்லினில் யூத மக்கள் திரையரங்கின் முன் திரண்டு எதிர்த்தனர். அமெரிக்காவில் அப்படம் 1951 வரை வெளியாகவில்லை. வெளியானபோதும் பேகின் வருகின்ற காட்சிகள் குறைக்கப்பட்டிருந்தன. ஆகவே அந்தக் காலத்திலேயே அளவுகோல் இருந்தது. அதைக் கையிலெடுத்தவர்களுக்குப் பயனும் கிடைத்தது. அதே நெறியாளரும் அதே நடிகரும் 1984 இல் மீண்டும் இணைந்து, 'எ பசேஜ் டு இந்தியா'வில் கின்னஸுக்கு மண்ணிறம் பூசிப் பேராசிரியர் கொட்போலே ஆக்கினார்கள். இந்தியாவில் ஆற்றல்மிக்க நடிகர்களுக்கு அப்போது பஞ்சமிருந்ததா? யூதருக்காகக் கற்ற பாடம் எங்கள் பக்கம் வந்தபோது மறந்துபோயிற்று என்பதே பொருள்.

குவாய்ப் படத்தின் மீது எதிர்ப்பே எழவில்லை என்றும் எண்ணிவிட வேண்டாம். டமர்கன் முகாமின் உண்மையான தளபதி லெப்டினன்ட் கேணல் பிலிப் டூசி. அவர் எதிரிக்கு விருப்பத்தோடு பாலம் கட்டிக்கொடுத்தவரல்லர். தன் ஆட்களை உயிரோடு வைத்திருக்கப் போராடியவர். அவருக்கு அவதூறு விளைந்ததென முன்னாள் கைதிகள் சீறினார்கள். அதன் பயனாக அவரைப் பற்றி நூல்கள் வந்தன, நிகழ்ச்சிகள் வந்தன. பாலம் கட்டத் தெரியாதவர்கள் போலத் தாங்கள் காட்டப்பட்டதை ஜப்பானியத் தரப்பிலும் மறுத்தார்கள். உண்மையில் அந்தப் பாதையின் வடிவமைப்பு ஜப்பானியப் பொறியியலாளருடையதே. இன்னுமொரு திருத்தமும் நடந்தது. திரைக்கதையை எழுதிய கார்ல் போர்மன், மைக்கேல் வில்சன் ஆகிய இருவரும் ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தமையால், அவர்களது பெயர்கள் மறைக்கப்பட்டு, பியர் பூலின் பெயரில் ஒஸ்கார் வழங்கப்பட்டது. 1984 இல் அக்கடமி அந்தத் தவறைத் திருத்தி, மறைந்துவிட்ட இருவருக்கும் உரிய அங்கீகாரத்தை அளித்தது.

கவனியுங்கள். பிரித்தானியர் தங்கள் கேணலுக்காக வாதாடினர். ஜப்பானியர் தங்கள் பொறியியலுக்காக வாதாடினர். ஹொலிவூட் தன் எழுத்தாளர்களின் பெயரை மீட்டது. பல்லாயிரக்கணக்கில் செத்துப்போன தோட்டத் தமிழனுக்காக யார் வாதாடினார்கள்?

மலேசியத் தமிழர் வாதாடினார்கள் என்பதை நன்றியோடு பதிவுசெய்ய வேண்டும். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அந்தத் துயரத்தைத் தமிழில் நிறுத்தின. தப்பிவந்த முதியவர்களின் வாக்குமூலங்களைத் தேடி மலேசியத் தமிழ் இளைஞர்கள் ஆவணப்படம் எடுத்தனர். 2023 இல் காஞ்சனபுரி விகாரை ஒன்றில், இறந்த தமிழருக்காக நடுகல் ஒன்று நாட்டப்பட்டது. போர் முடிந்து எழுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து!

இலங்கைத் தமிழராகிய நாம் என்ன செய்தோம்? எங்களுக்கு இதில் தொடர்பில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். மலாயாவின் புகையிரதச் சேவையில் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் பணிபுரிந்தவர்களில் யாழ்ப்பாணத்தவர் எத்தனை பேர் என்பதும், 'மலாயன் பென்சன்' பணத்தில் எங்கள் ஊர்களில் எழுந்த கல்வீடுகள் எத்தனை என்பதும் ஊரறிந்த விடயம். அதைவிட நெருக்கமான உறவு மலையகத்துக்கு உண்டு. தமிழகத்தின் அதே வறண்ட கிராமங்களிலிருந்து, அதே கங்காணி முறையில், ஒரு பகுதியினர் இலங்கைக்கும் இன்னொரு பகுதியினர் மலாயாவுக்கும் கப்பலேறினர். அண்ணன் ஹற்றனுக்கும் தம்பி கோலாலம்பூருக்கும் போன குடும்பங்கள் இருந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

லீன் தன் படப்பிடிப்பை 1956 இன் பிற்பகுதியில் எங்கே தொடங்கினார்? தேயிலை நாட்டின் வாசலில். கிதுல்கலையிலிருந்து மேலே ஏறினால் கினிகத்தேனை, வட்டவளை, ஹற்றன். இருபுறமும் தோட்டங்கள், லயன்கள். 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டு நாடற்றவராக்கப்பட்ட மக்கள் அந்த லயன்களில் வாழ்ந்தனர். அதே 1956 இல் தனிச்சிங்களச் சட்டமும் வந்திருந்தது. சியாமில் செத்த தமிழனின் இரத்த உறவு படப்பிடிப்புத் தளத்துக்கு மேலே உள்ள மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது, கீழே ஆற்றங்கரையில் அவனில்லாத மரண ரயிலின் கதை படமாகிக்கொண்டிருந்தது. நாடே வேடிக்கை பார்த்தது. 1957 மார்ச்சில் பாலம் வெடித்துச் சிதறியபோது கைதட்டியது. இன்றும் கைதட்டிக்கொண்டிருக்கிறது.

லீனைத் தடைசெய்யச் சொல்லவில்லை. அவரது படங்களைப் பார்க்கத்தான் வேண்டும். 'பிரீப் என்கவுன்டர்' போன்றதொரு படத்தைப் பார்க்காதவர் திரைமொழியின் ஒரு பாடத்தை இழந்தவர். குவாய்ப் படத்தையும் பாருங்கள். அந்தத் தொகுப்பின் இறுக்கத்தை, கடைசி இருபது நிமிடங்களின் பதற்றத்தை மாணவர்களுக்குக் காட்டுங்கள். ஆனால் பேராற்றல் உள்ளவரிடம்தான் கணக்குக் கேட்க வேண்டும். சாதாரணப் படமொன்று மறைத்ததை அடுத்த தலைமுறை மறந்துவிடும். லீன் போன்றவர் மறைத்தால், உலகம் அதையே வரலாறாக எடுத்துக்கொள்ளும். இன்று உலகில் எவரிடமேனும் மரண ரயிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். விசிலடித்தபடி அணிவகுத்து வரும் பிரித்தானியச் சிப்பாய்கள்தான் அவர் மனக்கண்ணில் வருவார்கள். அந்தச் சித்திரத்தைப் பதித்தவர் டேவிட் லீன்.

ஆகவே என் கோரிக்கைகள் சிலவே. தமிழில் இந்தப் படத்தைப் பற்றி எழுதுவோர், படப்பிடிப்பு எங்கே நடந்தது என்பதோடு, உண்மைப் பாதையில் யார் செத்தனர் என்பதற்கும் ஒரு பந்தி ஒதுக்க வேண்டும். கிதுல்கலையில் உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டும் இடத்தில், இறந்த ஆசியத் தொழிலாளரைப் பற்றி மும்மொழியிலும் ஓர் அறிவிப்புப் பலகை வேண்டும். திரைப்படக் கல்வி நடத்துவோர் இப்படத்தைத் திரையிடும் நாளில், மலேசியத் தமிழர் எடுத்த ஆவணப்படத்தையும் சேர்த்துத் திரையிட வேண்டும்.

உலகெங்கும் பரந்து வாழும் வாசக அன்பர்களிடம் தனியாக ஒன்று. மலாயாவோடு தொடர்புள்ள குடும்பங்கள் உங்களுள் பல இருக்கும். பழைய கடிதங்கள், புகைப்படங்கள், 'சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை' என்று பாட்டி சொன்ன ஒற்றை வரி, எதுவாயினும் சரி, பெயரோடும் ஊரோடும் தோட்டத்தின் பெயரோடும் எழுதிவையுங்கள். நேரில் கண்டவர்களுள் எஞ்சியிருப்போர் மிகச் சிலர். அவர்களும் தொண்ணூறைக் கடந்தவர்கள். இந்த ஆண்டே கேட்டு எழுதுங்கள்.